கல் தேயும் கதை

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. சிறு முயற்சியும் இடைவிடாது நிகழுமாயின் பெரும்பயன் விளைக்கும் என்பதற்கு இதனைச் சான்று காட்டாத ஆசிரியர் இலர். கேளாத மாணவரும் இலர். ஆயினும், கல் தேய்வதற்கு எத்துணைக் காலம் செல்லும், தேய்ந்த துகள் எங்கே போகும், தேய்க்கின்ற எறும்பின் கால் என்னவாகும் என்பவற்றை அப்பழமொழி நமக்குச் சொல்வதில்லை. சென்ற கோடை விடுமுறையில், கற்களை உருட்டி மெருகேற்றும் சிறு யந்திரம் ஒன்றை என் தந்தையாரின் துணைகொண்டு அமைத்து, ஐந்து வார காலம் அதன் அருகிருந்து பார்த்தேன். ஆதலின் இக்கேள்விகளைப் பற்றிச் சில கூற விரும்புகின்றேன். தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் மோட்டாரையும் உருளையையும் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பாய்த் தோன்றலாம். வியப்பதற்கு யாதும் இல்லை. என்னை இவ்வேலையில் இறக்கியதே தமிழ்தான்.

ஆனர்ஸ் வகுப்பில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தோம். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து என்பதும், கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் மாணிக்கம் என்பதும், கதை முழுவதும் அவ்வேற்றுமையின்மேல் நிற்பதும் யாவரும் அறிந்தனவே. பரல் என்னும் சொல்லுக்கு ஆற்றிலும் காட்டுவழியிலும் கிடக்கும் சிறுகல் என்றும் பொருள் உண்டு. சிலம்பினுள் இடும் மணிக்கும், வழியில் மிதிபடும் கல்லுக்கும் நம் முன்னோர் ஒரே பெயரை வழங்கினரே என்று எண்ணியபொழுது எனக்கு ஓர் ஐயம் பிறந்தது. முத்து, சிப்பிக்குள் இருக்கும்பொழுதே திரட்சியும் ஒளியும் பெற்றிருப்பது. மாணிக்கமோ பட்டையும் முனையும் உடைய படிகமாய்ப் பாறையில் விளைவது. அதன் முனையை மழுக்கி மெருகூட்டியது எம்முறை? விடுதியில் அடுத்த அறையில் வதியும் நண்பன் நிலநூல் பயில்பவன். அவனை வினவியபொழுது, "ஆறு செய்கின்ற வேலையைத்தான் மனிதனும் செய்கின்றான், ஆறு அவசரப்படுவதில்லை, மனிதன் அவசரப்படுகின்றான், அவ்வளவே வேற்றுமை" என்றான்.

ஆறு செய்யும் வேலை யாது? மலையினின்று உடைந்து வீழும் கல் கூரிய முனையும் விளிம்பும் உடையதாய் இருக்கும். வெள்ளம் அதனைப் புரட்டிக்கொண்டு செல்லுங்கால், பிற கற்களோடு மோதியும் மணலோடு உராய்ந்தும் அது முதலில் முனைகளை இழக்கின்றது, பின்னர் விளிம்புகளை இழக்கின்றது, முடிவில் கூழாங்கல்லாகின்றது. கோலியாத்தை எதிர்க்கச் சென்ற தாவீது, தன் கவணுக்கென ஆற்றிலிருந்து ஐந்து கூழாங்கற்களையே தெரிந்துகொண்டான் என வேதத்தில் வாசிக்கின்றோம். வழுவழுப்பான கல்லே கவணினின்று நேரே செல்லும் என்பதை அவ்விடையன் அறிந்திருந்தான் போலும். பிரெஞ்சு நாட்டு நிலநூற் புலவராகிய தோப்ரே என்பவர், ஆற்றின் இவ்வேலையைத் தம் ஆராய்ச்சிச் சாலைக்குள்ளேயே நிகழ்த்திக் காண விரும்பி, உடைந்த கற்களையும் நீரையும் உருளைகளில் இட்டுச் சுழற்றினார். கற்கள் முனை மழுங்கியதையும், அவற்றினின்று மென்சேறு பிரிந்ததையும் 1879-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். பின்னர், இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், அமெரிக்க நாட்டில் மணிக்கற்களைத் தாமே அறுத்து மெருகிடும் பொழுதுபோக்குப் பரவியது. அதற்கென 'லாப்பிடரி ஜர்னல்' என்னும் இதழ் 1947-இல் தோன்றியது. மேசைமேல் வைத்தற்குரிய சிறு உருளை யந்திரங்கள் அந்நாட்டு வீடுகளிற் புகுந்தன.

எனினும் இம்முறையை அமெரிக்கரிடமிருந்து நாம் கற்கவேண்டிய நிலை இல்லை. குஜராத்து நாட்டில் கம்பாயத்து என்னும் ஊர், இரத்தினபூர்ப் பகுதியில் எடுக்கப்படும் அகேட் கற்களை மணியாக்கி உலகிற்கு அனுப்பும் தொழிலால் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. அங்கே மணிகளுக்கு மெருகேற்றிய பழைய முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிவந்த பம்பாய் மாகாணத்துக் கெசட்டியர் விரிவாக எழுதியுள்ளது. இரண்டடி நீளமுள்ள உறுதியான தோற்பை ஒன்றில் ஆயிரக்கணக்கான மணிகளை இட்டு, குருந்தப்பொடியும் நுண்ணிய கற்பொடியும் சேர்த்து வாயைக் கட்டுவர். பையின் நடுவே ஒரு தோல்வாரைச் சுற்றுவர். ஒடுங்கிய அறையில் இருவர் எதிரெதிராகச் சுவரிற் சாய்ந்து அமர்ந்து, வாரின் இரு முனைகளையும் பற்றி மாறி மாறி இழுப்பர். பை இங்கும் அங்குமாக உருளும். அவ்வப்பொழுது நீர் விட்டுப் பத்து முதல் பதினைந்து நாள் வரை இங்ஙனம் உருட்டியபின்னரே மணி ஒளிபெறும். நம் தமிழ்நாட்டிலும் ஈரோடு மாவட்டத்தில் நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில், பாதி செய்த நிலையிலும் முழுதும் முடிந்த நிலையிலும் கல்மணிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பதிற்றுப்பத்துப் புகழும் கொடுமணம் அதுவே என அறிஞர் கூறுவர். ஆண்டு மெருகிட்டவர் பெயரை எந்தப் பாட்டும் சொல்லக் கண்டிலேன். தோற்பையை இழுத்த அவ்விருவர் கைகள் என் நினைவை விட்டு அகலவில்லை. அக்கைகளுக்குப் பதிலாக வந்ததே மோட்டார்.

நிற்க. என் தந்தையார் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். வயலுக்கு நீரிறைக்கும் மோட்டார், மாவரைக்கும் கிரைண்டர், மிக்சி, மின்விசிறி ஆகிய யாவும் எரிந்தும் கருகியும் அவரிடம் வந்து, மீண்டும் உயிர்பெற்றுச் செல்லும். நான் பொறியியல் கற்கவேண்டும் என்பது அவருடைய விருப்பமாய் இருந்தது. நான் தமிழை விரும்பியபொழுது அவர் தடுத்திலர். ஆயினும் அன்று முதல் கடையில் எங்களுக்குள் பேச்சுக் குறைந்தது. விடுமுறைக்குச் சென்றதும், கல்லுருட்டும் யந்திரத்திற்குப் பழைய மோட்டார் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த செப்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, எவ்வளவு நேரம் ஓட வேண்டும்?" என்றார். "ஒரு மாதம், அப்பா" என்றேன். "நடுவில் எத்தனை முறை நிற்கும்?" "கல்லைக் கழுவும் நேரம் தவிர நிற்றல் கூடாது." அவர் சற்றே நகைத்து, "அப்படியானால் முதலில் மோட்டாரைப் பற்றித் தெரிந்துகொள்" என்று கூறி, ஒரு மாலைப்பொழுது முழுவதும் எனக்குப் பாடம் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் என்னோடு பேசி ஈராண்டு ஆகியிருந்தது.

மிக்சியின் மோட்டார் நிமிடத்திற்குப் பதினாயிரக்கணக்கான சுற்றுச் சுழல்வது. கரித்துண்டுகள் உராய்ந்தே அதற்கு மின்சாரம் ஏறும். அரைமணி நேர வேலைக்கெனச் செய்யப்பட்ட அதனை நாள்முழுதும் ஓட்டினால் கரியும் தேயும், சுருளும் கருகும். மின்விசிறியின் மோட்டார் நாள்முழுதும் ஓடவல்லது. ஆனால் அதன் இழுவிசை சிறிது. மேலும், தன் இறக்கை எழுப்பும் காற்றினாலேயே தன்னைக் குளிர்வித்துக்கொள்வது அது. இறக்கையைக் கழற்றி வேறு வேலைக்குப் பூட்டினால் வெப்பம் தாங்காது. ஆதலின் இவ்விரண்டையும் விலக்கி, கால் குதிரைவிசையுள்ள பழைய மோட்டார் ஒன்றை அலமாரியின் அடியிலிருந்து எடுத்தார். "வேகத்தைப் பார்த்து மோட்டாரை எடுப்பவன் பாதி அறிந்தவன், எத்தனை நாழிகை ஓடும் என்று பார்த்து எடுப்பவனே முழுதும் அறிந்தவன்" என்பது அவர் சொன்ன சூத்திரம்.

அம்மோட்டாரின் அமைப்பு என்னை மிகவும் கவர்ந்தது. வெளியே அசையாது நிற்கும் இரும்பு வளையத்தின் காடிகளில் செப்புச் சுருள்கள் பொருந்தியிருக்கும். உள்ளே சுழலும் தண்டில், கூண்டு போன்ற உலோகச் சட்டங்கள் இருக்கும். வெளியிலிருந்து ஒரு கம்பியும் அக்கூண்டிற்குச் செல்வதில்லை, கரித்துண்டும் தொடுவதில்லை. வெளிச்சுருளில் மாறி மாறி ஓடும் மின்சாரம் காந்தப் புலம் ஒன்றைச் சுழற்ற, அப்புலத்தால் கூண்டினுள்ளும் மின்சாரம் தூண்டப்பெற்று, கூண்டு அதன்பின் ஓடுகின்றது. இத்தாலி நாட்டுக் கலிலியோ பெராரிஸும் நிக்கோலா டெஸ்லாவும் தனித்தனியே கண்ட இவ்வுண்மை 1888-ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. நம் பகுதியில், 1937-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரை அடுத்த பீளமேட்டில் ஜி. டி. நாயுடுவின் முயற்சியால் மின்மோட்டார் உள்நாட்டிலேயே செய்யப்பெற்றது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் இத்தகைய மோட்டார் தானே புறப்படமாட்டாது. புறப்படுவதற்கென இரண்டாம் சுருளும் கெப்பாசிட்டரும் வேண்டும். முக்காற் பங்கு வேகம் வந்ததும் உள்ளேயுள்ள சுவிட்சு 'டக்' என்ற ஒலியோடு அத்துணையைத் துண்டித்துவிடும். உராய்ந்து தேயும் உறுப்பு இதில் பேரிங்கு ஒன்றே. ஆதலின்தான் இது பொறுமையுடையது.

அம்மோட்டாரின் சுருள் பழுதுற்றிருந்தது. தந்தையார் பழைய சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, அவற்றை அறுத்தெடுத்தார். காடிகளைத் துடைத்து, காப்புத் தாள் செருகி, புதிய கம்பியைச் சட்டத்திற் சுற்றி, சுருள் சுருளாகக் கையால் உள்ளே செலுத்தினார். நூலாற் கட்டி, வார்னிஷில் நனைத்து உலர்த்தினார். இரண்டு நாள் வேலை அது. செப்புக் கம்பியின்மேல் உள்ள மெல்லிய காப்பே மோட்டாரின் ஆயுள் என்றும், தாங்கும் அளவுக்கு மேல் பத்துப் பாகை வெப்பம் ஏறினால் அவ்வாயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்றும் அவர் கூறினார். எங்கள் ஊர்க் கோடையின் வெயில் நாம் அறிந்ததே. அதனால் நாள்தோறும் காலையும் மாலையும் மோட்டாரின் முதுகில் அவர் புறங்கையை வைத்துப் பார்ப்பார். நோயுற்ற பிள்ளையின் நெற்றியை அவர் அவ்வாறே தொட்டுப் பார்த்தது எனக்கு நினைவுண்டு.

இனி உருளையைப் பற்றிச் சொல்லுவேன். நூற்றறுபது மில்லிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் குழாயில் ஒரு சாண் நீளம் அறுத்து, உட்புறம் லாரி டியூபின் ரப்பரை ஒட்டி, இருபுறமும் மூடி அமைத்தோம். அதன் வேகத்தை ஏன் கணக்கிடவேண்டும் என்று அன்பர்கள் வினவலாம். உருளை சுழலுங்கால் கற்கள் ஒரு பக்கமாக மேலேறி, சரிவின் உச்சியை அடைந்தவுடன், மேற்பரப்பில் மட்டும் ஒரு மெல்லிய அடுக்காக வழிந்து இறங்கும். கல் தேய்வது இவ்வழிவிலேதான். வேகம் கூடினால் கற்கள் வழியாமல் எகிறி விழுந்து ஒன்றையொன்று சிதைக்கும். மேலும் கூடினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுழலும். அப்பொழுது தேய்வே இல்லை. உருளையின் உள்விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 42.3-ஐ வகுத்தால், கல் சுவரோடு ஒட்டும் வேகம் நிமிடக் கணக்கில் வரும். எங்கள் உருளையின் உள்விட்டம் 0.15 மீட்டர்; ஆகவே அவ்வேகம் 109 சுற்று. அதிற் பாதியே எமக்கு வேண்டியது. மோட்டாரோ நிமிடத்திற்கு 1440 சுற்றுச் சுழல்வது. புல்லியும் பெல்ட்டும் கொண்டு அதனை ஐந்திலொரு பங்காக்கி, முப்பது மில்லிமீட்டர் பருமனுள்ள தண்டின்மேல் உருளையைக் கிடத்தியபொழுது 54 சுற்று வந்தது. ஒரு நாளின் நிமிடங்களும் 1440 ஆதலால், மோட்டார் நாளொன்றிற்கு இருபது லட்சம் முறைக்கு மேல் சுழல, உருளை எழுபத்தேழாயிரம் முறைக்கு மேல் சுழன்றது. எறும்பின் வேலையை இவ்வளவு துல்லியமாக எண்ணக்கூடும் என்று நான் முன்னர் நினைத்ததில்லை.

கற்களுக்குத் தாமிரபரணிக் கரையில் வெண்ணிறமான படிகக் கற்களைப் பொறுக்கினேன். 1812-ஆம் ஆண்டில் மோஸ் என்பவர் வகுத்த கடினவரிசையில் இக்கல் ஏழாம் எண்ணுடையது. மூன்றாம் எண்ணுடைய சுண்ணக்கல்லை இதனோடு சேர்த்து உருட்டினால், மெல்லிய கல் மாவாகிப் போகும். ஆதலின் ஓரினக் கற்களையே ஓர் உருளையில் இடவேண்டும். மூன்றரைக் கிலோ கல்லும், அவற்றை மூடாத அளவிற்கு நீரும், கார்போரண்டம் பொடியும் இட்டோம். முதலில் பருத்த பொடி, பின்னர் நடுத்தரப் பொடி, அதன்பின் நுண்பொடி, முடிவில் மெருகுப்பொடி என நான்கு நிலைகள்; ஒவ்வொன்றும் ஒரு வாரத்திற்குக் குறையாதது. முதல் நிலை எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. நிலை மாறுந்தோறும் கல்லையும் உருளையையும் பலமுறை கழுவவேண்டும். பருத்த துகள் ஒன்று எஞ்சினும், மெருகேறும் கற்கள் அனைத்தையும் அது கீறிவிடும்.

இப்பொடிகளின் பெயரை ஆராய்ந்தபொழுது தமிழ் மாணவனாகிய நான் பெற்ற மகிழ்ச்சி சிறிதன்று. வைரத்திற்கு அடுத்த கடினமுடைய குருந்தத்தை ஐரோப்பியர் 'கொரண்டம்' என்கின்றனர்; அது நம் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து சென்றதென அவர்தம் அகராதிகளே கூறும். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்துச் சாணைக்கல் செய்வது நம் நாட்டுப் பழந்தொழில். 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்கராகிய அச்சிசன் மின்னுலையில் புதிய கடும்பொருள் ஒன்றைக் கண்டபொழுது, 'கார்பன்' என்பதனையும் 'கொரண்டம்' என்பதனையும் இணைத்துக் 'கார்போரண்டம்' எனப் பெயரிட்டார். ஆகவே, முதல் மூன்று நிலைகளுக்கு நான் இட்ட பொடியின் பெயரில் தமிழ்ச் சொல் ஒளிந்திருந்தது. நான்காம் நிலைக்கு இட்ட மெருகுப்பொடியாகிய அலுமினிய ஆக்சைடோ இரசாயன வகையில் குருந்தமே. இதனைக் கேட்ட தந்தையார், "முப்பதாண்டாக இக்கடையில் கார்போரண்டம் என்று சொல்லி வாங்குகிறேன், தமிழ்தான் பேசினேனா?" என்றார். அன்று முதல் கடைக்கு வருவோரிடமெல்லாம் இதனைச் சொல்லி வந்தார்.

இஃதிங்ஙனமாக, என் தாய்மாமனைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் இயலாது. அவர் வேற்றூரில் கல்லுக்கு மெருகிடும் பட்டறை ஒன்றில் இருபதாண்டு வேலை செய்தவர். அப்பட்டறையின் பெயர் ஈண்டு வேண்டா. ஆண்டு நீரின்றியே கைச்சாணையால் கல்லைத் தேய்ப்பர். வெண்மையான தூசி பனிபோல் மூடும். முகத்தில் ஒரு துணி கட்டுவதே காப்பு. இப்பொழுது அவரால் பத்துப் படி ஏறமுடியாது. முதலில் காசநோய் என்று கருதி மருந்துண்டார். பின்னரே, படிகத் துகள் நுரையீரலிற் படிந்து அதனைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் என்று தெரிந்தது. அந்நோயை வராமற் காக்கலாம். வந்தபின் நீக்க மருந்தில்லை. கண்ணுக்குப் புலனாகும் தூசியைக் காட்டிலும், புலனாகாத நுண்துகளே நுரையீரலின் ஆழம் வரை செல்வது என மருத்துவர் கூறுவர்.

அவர் எங்கள் இல்லத்திலேயே தங்கியிருக்கின்றார். உருளை ஓடத்தொடங்கிய முதல் நாள், கடைவாயிலில் நின்று, "மருமகனே, தூசி கிளம்புமா?" என்று கேட்டார். "இல்லை மாமா, நீரோடு மூடியிருக்கிறது" என்றேன். அதன்பின்னரே உள்ளே வந்தார். உருளையின்மேல் காதை வைத்துக் கண்ணை மூடிச் சற்று நேரம் கேட்டு, "கல் விழவில்லை, வழிகிறது, இப்படியே ஓடட்டும்" என்றார். வர்க்கமூலத்தால் நான் கண்டதை அவர் காதினாற் கண்டார். முதல் நிலை முடிந்து, சாம்பல் நிறமான சேற்றை நான் சாக்கடைப் பக்கம் எடுத்துச் செல்ல முயல்வதற்கு முன்னமே, "இதைச் சாக்கடையில் விட்டால் சிமெண்டுபோல் இறுகும், முற்றத்தில் விட்டால் உலர்ந்து தூசியாகும். ஈரம் இருக்கும்பொழுதே குழிதோண்டி மூடு" என்றார். நீர் இருக்கும்வரை சேறு. நீர் வற்றினால் நஞ்சு. அவரைப்போல் அதனை அறிந்தவர் எங்கள் தெருவில் இலர்.

கம்பாயத்திலும் இக்கதையே பெருமளவில் நிகழ்ந்துள்ளது. தோற்பையின் இடத்தை மோட்டாரால் சுழலும் உருளைகள் பிடித்தபின், இருவர் பதினைந்து நாள் வார் இழுக்கும் துன்பம் ஒழிந்தது. ஆனால் உருளைக்குள் இடுமுன் மணிக்கு வடிவம் கொடுக்கவேண்டும். அதனை மோட்டாரால் ஓடும் சாணைச் சக்கரத்தில் உலர்ந்த நிலையிலேயே பலர் தேய்த்தனர். அத்தூசியால் அகேட் தொழிலாளர் பலர் சிலிக்கோசிஸ் நோயுற்றதை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தின் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இந்நோயை அரசினர்க்கு அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. எனினும் வீட்டுத் திண்ணையில் நிகழும் தொழிலுக்குத் தொழிற்சாலைச் சட்டம் எங்ஙனம் எட்டும்? மோட்டார் ஒன்றே, சக்கரத்தை ஓட்டியதும் அதுவே, உருளையை ஓட்டியதும் அதுவே. ஒன்றில் மனிதனுக்கு ஓய்வு தந்தது. மற்றொன்றில் அவன் மூச்சைக் கொண்டது. வேற்றுமை மோட்டாரில் இல்லை. நீரிலும் மூடியிலுமே உள்ளது. ஒரு குடம் நீருக்கும் ஒரு மூடிக்கும் ஆகும் செலவை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஐந்தாம் வாரத்தின் இறுதியில் உருளையைத் திறந்தோம். ஆற்றில் எடுத்தபொழுது மங்கலாய் இருந்த கற்கள், நீரில் நனைந்தவைபோல உலர்ந்த நிலையிலும் ஒளிவிட்டன. தந்தையார் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தராசில் நிறுத்தபொழுது மூன்று கிலோவுக்குச் சற்றே மிகுதியாய் இருந்தது. ஏறக்குறைய அரைக்கிலோ கல் சேறாய்ப் போயிருந்தது. மாமா அவ்வெண்ணைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்த அரைக்கிலோவும் மண்ணுக்குள் போயிற்று, நல்லது. எனக்கு ஒரு சிட்டிகைதான் உள்ளே போயிருக்கும்; அதுவே இந்தப் பாடு படுத்துகிறது" என்றார்.

அவர் மகன் பதினெட்டு வயதினன். கூலி மிகுதி என்பது கருதி, அந்த ஜூன் மாதம் கல் மெருகிடும் பட்டறை ஒன்றில் சேர்வதாய் இருந்தான். குடும்பத்திற்கு அக்கூலி வேண்டியிருந்தமையால் ஒருவரும் தடுக்கத் துணியவில்லை. அன்று மாமா அவனை அழைத்து, மெருகேறிய கல் ஒன்றை அவன் கையில் வைத்து, "கல்வேலை கேவலமில்லை; அதுதான் உன்னை வளர்த்தது. போய்ப் பார். சாணையில் தண்ணீர் ஓடினால் சேர், ஓடாவிட்டால் அடுத்த வண்டியில் திரும்பி வா" என்றார். அவன் சென்றான், மறுநாள் மாலையே திரும்பி வந்தான். ஒருவரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. தந்தையார், "நாளைக் காலையில் கடைக்கு வா, முதலில் சுற்று எண்ணப் பழகு" என்று மட்டும் கூறினார். இப்பொழுது அவன் அங்கே காயில் கட்டக் கற்றுவருகின்றான். கூலி குறைவுதான், அதனைப் பற்றிய கவலையும் வீட்டில் இல்லாமல் இல்லை.

கல்லூரியை உருளைக்கும் மாணவரைக் கற்களுக்கும் ஒப்பிட்டு, ஒருவரோடு ஒருவர் உராய்ந்து மெருகேறுகின்றோம் என்று முடித்தல் எளிது. அவ்வொப்புமையை அன்பர்கள் தாமே செய்துகொள்வர். நான் சொல்ல விரும்புவது வேறு. உலகில் மெருகேறிய பொருள் எதுவாயினும், அதற்காகத் தேய்ந்தது ஒன்று உண்டு. அத்தேய்வு பொடியின்மேலும் நீரின்மேலும் பேரிங்கின்மேலும் வீழுமாறு செய்தல் அறிவுடைமை. மனிதனின் மூச்சின்மேல் வீழ விடுதல் கொடுமை. நம் வீட்டுத் தரையிற் பதித்த கல்லும், கழுத்தில் அணியும் மணியும், கல்லறைமேல் நிறுத்தும் பலகையும் வழுவழுப்பாய் இருப்பதைக் கண்டு மகிழும்பொழுது, அதன் தூசி எங்கே சென்றது என்று ஒருமுறை கேட்போமாக. வாங்குவோர் பலர் கேட்பாராயின், விற்போர் விடைசொல்ல வேண்டியவராவர். பட்டறைகளில் நீர் ஓடும்.